தை மாசம் பாளையங்கோட்டையில் கல்யாணம்: எதுல கை வைக்கலாம், எதுல கூடாது?

தச்சநல்லூர்க்காரி:

வணக்கம். தை வளர்பிறையில ஒரு முகூர்த்தம் குறிச்சிருக்காங்க, காலை 7.30ல இருந்து 9.00. எனக்கு ஊர் திருநெல்வேலி, நான் கட்டிக்கப் போறவருக்குப் பொள்ளாச்சி. ரெண்டு பேருக்கும் வேலை சென்னையில. கல்யாணம் எங்க பக்கம், பாளையங்கோட்டையிலதான்னு முடிவாயிருச்சு.

செலவு முழுக்க எங்க ரெண்டு பேர் சேமிப்பு. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், அவரைக் கடன் வாங்க விடக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். நகை, புடவை போக மண்டபம், சாப்பாடு, பூ, போட்டோ எல்லாம் சேர்த்து 8 லட்சத்துக்குள்ள முடியணும். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை தாலிகட்டு, மதியச் சாப்பாடு, அன்னைக்குச் சாயங்காலமே பொள்ளாச்சிக்குக் கிளம்பணும்.

நானும் அவரும் லிஸ்ட் போட உக்கார்ந்தா மேடை அலங்காரம், டிரோன், லைவ்னு போயிடுது. அம்மா உக்கார்ந்தா யார் யாருக்குப் பத்திரிகை வைக்கணும்ங்கறதோட நின்னுடறாங்க. பத்திரிகை 500 அடிச்சா எத்தனை பேர் வருவாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. மாமா "ஆயிரம் இலை போட்டுரு"ங்கறார். சித்தப்பா "அறுநூறைத் தாண்டாது"ங்கறார்.

மண்டபம் ரெண்டு பார்த்து வச்சிருக்கோம். ஒண்ணு புதுசு, ஏசி, மேடை பிரமாதம், ஆனா சாப்பாட்டு ஹால்ல 150 பேர்தான் உக்காரலாம். இன்னொண்ணு பழசு, மேடை சுமார், சாப்பாட்டு ஹால்ல 260 பேர் உக்காரலாம். வாடகை கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவருக்கு முதல் மண்டபம்தான் பிடிச்சிருக்கு. நடத்திப் பார்த்தவங்க சொல்லுங்க.

கறுப்புச்சட்டை ஈரோடு:

மண்டபமே வேண்டாம், தோழர். அண்ணா முதல்வரா இருந்தப்போ 1967ல கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவு. சொந்தக்காரங்களோ நண்பர்களோ முன்னாடி மாலை மாத்திக்கிட்டா, இல்ல மோதிரம் மாத்திக்கிட்டா, இல்ல தாலி கட்டினா, அது சட்டப்படி கல்யாணம். ஐயரும் வேண்டாம், அக்னியும் வேண்டாம், முகூர்த்தமும் வேண்டாம். நாங்க அப்படித்தான் பண்ணினோம், வீட்டு மாடியில 80 பேர், மதியம் பிரியாணி. முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கிழமைன்னா மண்டபக்காரரே இறங்கி வருவார். தை முகூர்த்தத்துல போய் நின்னா அவர் சொன்னதுதான் விலை.

தச்சநல்லூர்க்காரி:

ஆசையாத்தான் இருக்கு தோழர். ஆனா எங்க ஆச்சிக்கு 84 வயசு, கெட்டிமேளம் கேக்காம விடமாட்டாங்க. பேத்தி கல்யாணத்துல அவங்களுக்கு அந்த உரிமை உண்டுன்னுதான் நானும் நினைக்கிறேன்.

மண்டபத்து மேனேஜர்:

தங்கச்சி, நான் பாளையங்கோட்டையில ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜர். எந்த மண்டபம்னு சொல்ல மாட்டேன், சொன்னா விளம்பரம்பாங்க. நீ பாத்து வச்சிருக்கிற ரெண்டுல ஒண்ணா இருந்தாலும் இருக்கும், அதுனால கேக்காத.

ரெண்டாவது மண்டபத்தைப் பிடி. ஏன்னு சொல்லுதேன்.

மண்டபம் பாக்க வர்றவங்க நேரா மேடைக்குத்தான் போறாங்க. போட்டோ எடுக்காங்க, வீட்டுக்கு அனுப்புதாங்க. சாப்பாட்டு ஹாலுக்கு வந்தா வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு "ம், சரி"ன்னுட்டுப் போயிருவாங்க. கல்யாணத்தன்னைக்கு மானம் போறதும் நிக்கதும் அந்த ஹால்லதான்.

உன் முகூர்த்தத்தையே எடுத்துக்கோ. 7.30 டு 9.00. தாலி கட்ட எப்படியும் 8.15, 8.30 ஆயிரும். ஒரு பந்தி, இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எந்திரிச்சு, இலை எடுத்து, மேசை துடைச்சு அடுத்த இலை விழ 35 நிமிஷம். ஏழு மணிக்கு முதல் பந்தி போட்டா பத்தரை வரைக்கும் ஆறு பந்தி. 150 பேர் ஹால்னா 900 பேர் சாப்பிடலாமேன்னு தாள்ல கணக்கு சரியா வரும். ஆனா ஏழு மணிப் பந்தியில பாதி மேசை காலியாத்தான் கெடக்கும். அட்சதை போட்ட கையோட அத்தனை பேரும் 8.30க்குக் கீழ இறங்குவாங்க. வேலைக்குப் போறவங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணும்கிறவங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்கிறவங்க. அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு பந்திதான் ஓடும். 150 பேர் ஹால்ல 300 பேர். வந்து நிக்கிறது 450 பேர். மீதிப் பேர் என்ன செய்வாங்க? சாப்பிடுதவன் நாற்காலியைப் பின்னால பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. அவன் பொங்கலை வாயில வைக்கும்போது தோளுக்கு மேல ஒரு கைப்பை தொங்கும். சாப்பிடுதவனுக்கும் இறங்காது, நிக்கிறவனுக்கும் மரியாதை இல்ல. பத்து வருஷம் கழிச்சும் அந்தக் கல்யாணத்தைப் பத்தி அதைத்தான் சொல்லுவாங்க. மேடையில என்ன பூ வச்சிருந்தாங்கன்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது.

260 பேர் ஹால்ல அதே ஒரு மணி நேரத்துல 520 பேர் எந்திரிச்சிருவாங்க. மாப்பிள்ளைட்ட இந்தக் கணக்கை மட்டும் சொல்லு. மேடை சுமாரா இருந்தா பின்னால ஒரு திரையும் ரெண்டு வாழை மரமும் வச்சு சரி பண்ணிரலாம். சுவரை இடிச்சு ஹாலைப் பெரிசாக்க முடியாது.

அடுத்து எண்ணிக்கை. மாமா சொல்லுததும் வேண்டாம், சித்தப்பா சொல்லுததும் வேண்டாம். பத்திரிகைக் கணக்கையும் விட்டுரு. அம்மாவையும் அத்தையையும் உக்கார வச்சு ஒவ்வொரு வீடா எழுதச் சொல்லு: இந்த வீட்ல ராத்திரி எத்தனை பேர், காலையில எத்தனை பேர், மதியம் எத்தனை பேர். மூணு கட்டம். உள்ளூர்க்காரங்கள்ல முக்காவாசிப் பேர் ரிசப்ஷனுக்கு வந்து கை நனைச்சுட்டுப் போனா காலையில வர மாட்டாங்க. அப்பாகூட வேலை பாத்தவங்க ராத்திரிதான் வருவாங்க. தெருக்காரங்க காலையில வருவாங்க. மதியத்துக்கு நிக்கிறது ரத்த சொந்தமும் பொள்ளாச்சிக்காரங்களும்தான், 250 தாண்டாது. மூணு வேளைக்கும் ஒரே எண்ணிக்கை போடுதாங்க பாரு, அங்கதான் ஒரு லட்சம் ஓடிப் போகுது.

சமையல்காரர்ட்ட பேசும்போது ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ 600னு சொல்லி 450 பேர் சாப்பிட்டாலும் 600 இலைக்குத்தான் காசு. 500னு சொல்லி 550 வந்தா கூட ஐம்பதுக்குக் காசு வாங்கிட்டுப் போட்டிருவார், எந்தச் சமையல்காரரும் பத்து சதவீதம் கையிருப்பு வச்சுத்தான் ஆக்குவார். அதுனால நீ கணக்குப் போட்டதுக்குக் கொஞ்சம் கீழயே சொல்லு. எத்தனை வரைக்கும் தாங்கும்னு அப்பவே கேட்டு எழுதி வாங்கிரு.

இலைக் கணக்குலதான் சண்டை வரும். சமையல்காரங்க கணக்கு, போட்ட இலை. உங்க கணக்கு, சாப்பிட்ட ஆளு. கிழிஞ்ச இலை, பக்கத்துல பிள்ளைக்குப் போட்ட இலை, நாயனக்காரர், டிரைவர், போட்டோக்காரர் சாப்பிட்டது எல்லாம் நடுவுல கெடக்கும். முதல் பந்திக்கு முன்னால உங்க ஆளு ஒருத்தர், அவங்க ஆளு ஒருத்தர், ரெண்டு பேரும் சேர்ந்து இலைக்கட்டை எண்ணி ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கடைசிப் பந்தி முடிஞ்சதும் மீதியை எண்ணுங்க. கழிச்சா வர்றதுதான் கணக்கு. கிழிசலுக்கு இவ்வளவுன்னு முன்னாலேயே பேசிரணும். எங்க மண்டபத்துல இப்படிச் செஞ்சவங்க யாரும் சாயங்காலம் சத்தம் போட்டு நான் பாத்ததில்ல.

மண்டபத்துக்காரன் நானே சொல்லுதேன், வாடகையை மட்டும் கேட்டுட்டுப் போயிராத. வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது தனியா, வாடகைக்குள்ளேயே அடக்கமான்னு கேளு. கரண்ட் மீட்டர் கணக்கு. சாவி வாங்கும்போது மீட்டரை உன் போன்ல போட்டோ எடு, சாவி கொடுக்கும்போது இன்னொரு போட்டோ. ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, டீசல் யார் பொறுப்பு. கிளீனிங், கேஸ், பாத்திரம், எச்சில் இலை எடுக்க ஆளு. ரூம் எத்தனை, எத்தனை பாத்ரூம்ல வெந்நீர் வருது. குழாயைத் திறந்து பாரு, கூச்சப்படாத. இது எல்லாம் சேர்ந்தா சொன்ன வாடகைக்கு மேல பாதி வந்து நிக்கும். அட்வான்ஸ் ரசீதுலயே ஒண்ணொண்ணா எழுதித் தரச் சொல்லு. எழுத மாட்டேன்னா அந்த மண்டபம் வேண்டாம்.

ரிசப்ஷன்ல பாட்டுக் கச்சேரி வச்சா ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும், சட்டம் அப்படி. ஏழரைக்கு ஆரம்பிக்கிறேன்னு சொன்னவன் எட்டரைக்கு வந்து நின்னா உனக்கு ஒன்றரை மணி நேரக் கச்சேரிதான். என்னைக் கேட்டா கச்சேரியை வெட்டு. நாயனத்துல மட்டும் கை வைக்காத, ஆச்சிக்காக.

கயல் வடபழனி:

அண்ணாச்சி சாப்பாட்டைப் பார்த்துக்கிட்டார். நான் போன வருஷம் கல்யாணம் முடிச்சவ, பேப்பர் வேலையை மட்டும் சொல்றேன். இதை யாருமே சொல்ல மாட்டாங்க.

தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணமும் பதிவு பண்ணியாகணும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து 90 நாள். அதை விட்டா இன்னும் 60 நாள் டைம் உண்டு, கூடுதல் கட்டணத்தோட. முன்னெல்லாம் கல்யாணம் நடந்த இடத்துலதான் பதியணும், இப்ப பொண்ணு இல்ல மாப்பிள்ளையோட நிரந்தர முகவரி இருக்கிற எல்லையிலயும் பதியலாம். ஆனா நீங்க மறுவீடு, ஹனிமூன், ஆபீஸ்னு சென்னைக்கு வந்துட்டா திரும்ப ரெண்டு பேரும் சாட்சிகளோட லீவு போட்டுக் கிளம்பறது நடக்காது சிஸ். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல முன்னாடியே நிரப்பி வைங்க. பத்திரிகை நாலஞ்சு காப்பி பத்திரமா எடுத்து வைங்க, ஐநூறு அடிச்சுட்டு பதிவுக்கு ஒண்ணு இல்லாம தேடுவாங்க. பத்திரிகையில ரெண்டு பேர் பெயரும் ஆதார்ல இருக்கிற எழுத்துல இருக்கணும். என் பத்திரிகையில செல்லப்பெயரைப் பெருசா போட்டு நிஜப்பெயரை அடைப்புக்குள்ள போட்டிருந்தாங்க, பதிவு ஆபீஸ்ல அதுக்கு ஒரு பஞ்சாயத்து.

தங்கம் வாங்கினா ஒவ்வொரு நகையிலயும் பிஐஎஸ் முத்திரை, 22 காரட்னா 916, அப்புறம் ஆறு எழுத்து-எண் கலந்த ஹெச்யூஐடிங்கற அடையாளக் குறி மூணும் இருக்கணும். 2023 ஏப்ரல்ல இருந்து அது இல்லாம விக்கக் கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த ஆறையும் போட்டா அங்கேயே காட்டும். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீங்க, ஆப்பைப் பாருங்க. சேதாரம், செய்கூலி பேரம் பேசற விஷயம். முதல்ல சொல்ற சதவீதத்துக்குத் தலையாட்டாதீங்க.

ஆனைமலை மச்சான்:

பொள்ளாச்சிக்காரன் வந்துட்டனுங்க. மாப்பிள்ளை வீட்டு சைடுல ஒரு வார்த்தை. எங்க பக்கம் முதல் நாள் இணைச்சீர் இருக்கும், மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி செய்யற சீர். மண்டபத்துல அதுக்கு ஒரு நேரமும் எடமும் வேணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ரிசப்ஷன்னு போட்டுட்டு, சாவி நாலு மணிக்குத்தான்னா எல்லாத்தையும் ஓட்டமா ஓடித்தான் முடிக்கோணும். சீரை ஊர்லயே முடிச்சுட்டு வர்றாங்களா, அங்க வந்து செய்யறாங்களான்னு இப்பவே கேட்டுக்கங்க. அப்புறம் பஸ்ல ராத்திரி கிளம்பி வர்றவங்க விடிய நாலரை, அஞ்சுக்கு வந்து நிப்பாங்க. அந்நேரத்துக்கு காப்பி யாரு கொடுக்கறதுன்னு ஒருத்தரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. அந்தக் காப்பி வரலைன்னா பொண்ணு வீட்டைப் பத்தி மூணு தலைமுறைக்குப் பேசுவாங்க, நான் எங்க சனத்தைத்தான் சொல்றேன்.

தச்சநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேனேஜர் அண்ணாச்சியோட பந்திக் கணக்கை அவருக்கு அப்படியே அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்ல, அப்புறம் "சரி, பழைய மண்டபம்"னு வந்துச்சு.

இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, மதியச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கலாமா? மறுவீட்டுக்குத்தான் எங்க வீட்ல சொதி, ஆனா நாங்க அன்னைக்கே கிளம்பறோம். பொள்ளாச்சிக்காரங்களுக்கு எங்க ஊர்ச் சொதியைப் போட்டே ஆகணும்னு அம்மா சொல்றாங்க. ரெண்டு, பூ. மேடை முழுக்க மல்லியும் பிச்சியும் போடணும்னு எனக்கு ஆசை. மூணு, அன்னைக்கு ஆள் ஆளுக்குக் காசு கேட்டு வருவாங்களாமே, அதை எப்படிச் சமாளிக்கறது?

மண்டபத்து மேனேஜர்:

மாப்பிள்ளை கணக்குத் தெரிஞ்சவர், நல்லாயிருப்பீங்க.

சொதி தாராளமா வை, ஆனா மதியம் 250 பேருக்கு மட்டும். ஆயிரம் பேருக்குச் சொதின்னு யாராவது ஒத்துக்கிட்டா அது சொதியா இருக்காது. தேங்காய்ப்பால் சமாச்சாரம், ரெண்டாம் பால் மூணாம் பால்ல காய் வேகணும், முதல் பாலைக் கடைசியில ஊத்தி நுரை கட்டும்போதே இறக்கிரணும். கொதிச்சா திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் பிழியறது இறக்கின பிறகுதான். காலையிலேயே செஞ்சு வச்சுட்டா மதியத்துக்குப் புளிச்சு நிக்கும். அதுனால 11.30க்கு மேல இறக்கச் சொல்லு, முதல் பந்தி 12.15. ரெண்டு தடவையா வைக்கச் சொன்னா இன்னும் நல்லது. கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் இல்லாம சொதி போடாத. துவையல் வெறும் ருசிக்கு இல்ல, அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்கணும்லா. பொள்ளாச்சிக்காரங்களுக்குத் தேங்காய் புதுசு இல்ல, ஆனா சோத்துல சொதியை ஊத்தினதும் "சாம்பார் எங்க?"ன்னு கேப்பாங்க. ஒரு வாளி சாம்பாரும் இருக்கட்டும்.

பூ விஷயத்துல ஆசையை அடக்கிக்கோ. தை மாசம் பனி. மல்லி வரத்து குறைஞ்சிரும், அதுல பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்தா தோவாளைச் சந்தையிலயும் சங்கரன்கோவில்லயும் கிலோ ஆயிரக்கணக்குல போகும். முந்தின நாள் விலையும் மறுநாள் விலையும் ஒண்ணா இருக்காது, அலங்காரக்காரர் அந்தப் பயத்தையும் சேத்துத்தான் உனக்கு விலை சொல்லுவார். மல்லியும் பிச்சியும் தலைக்கு மட்டும் வை. மேடைக்கு சாமந்தி, சம்பங்கி, மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம். மாலைக்கு அரளியும் ரோஜாவும். மேடை பூராவும் மல்லி போட்டாலும் எட்டு மணி லைட் சூட்டுல வாடித்தான் கெடக்கும்.

தாம்பூலப் பையை பிளாஸ்டிக்ல வாங்கிராத. 2019 ஜனவரியில இருந்து தடை, மேசை விரிப்பு, டம்ளர் எல்லாத்துக்கும் சேத்துத்தான். மஞ்சப்பை அடிச்சுரு, அதை ஆளுக சந்தைக்கும் எடுத்துட்டுப் போவாங்க.

காசு. கல்யாணத்தன்னைக்கு பொண்ணு, மாப்பிள்ளை, ரெண்டு வீட்டு அப்பா அம்மா, இந்த ஆறு பேர்ட்ட யாரும் காசுக்கு வந்து நிக்கக் கூடாது. முகூர்த்த நேரத்துல மணமேடையில உக்காந்திருக்கிற அப்பாகிட்ட வந்து "டீசல் தீந்துட்டு"ன்னு காதுல சொல்லுதவனை நான் வாரா வாரம் பாக்கேன். நீ சொன்ன அந்த அறுநூறு சித்தப்பா இருக்காருல்லா, அவர்ட்ட ஒரு கைப்பையைக் கொடு. உள்ள நூறு, ஐம்பது, இருபது ரூபாய்க் கட்டு, ஒரு நோட்டு, ஒரு பேனா. யாருக்கு எவ்வளவு பாக்கின்னு ஒரு பட்டியல்: நாயனம், சமையல், பூ, வேன், ஐயர். டிப்ஸும் அதுலேயே எழுதிரு. யார் வந்தாலும் "சித்தப்பாவைப் பாருங்க", அவ்வளவுதான் பதில். மாப்பிள்ளை வீட்லயும் இதே மாதிரி ஒருத்தர். ரெண்டு பேர் போன் நம்பரையும் எங்ககிட்ட, சமையல்காரர்ட்ட, போட்டோக்காரர்ட்ட கொடுத்துருங்க.

மாமாவுக்கும் ஒரு வேலை கொடு, இல்லன்னா கோவிச்சுக்குவார். ஆயிரம் இலை சொன்னவருல்லா, அவரையே இலைக்கட்டு எண்ண நிறுத்து.

மொய் எழுதுத இடத்துல ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் காசை வாங்க, ஒருத்தர் எழுத. வெறும் பேரை எழுதினா நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது எந்த முருகன்னு தெரியாது. ஊர், தெரு, யாரு வகையில சொந்தம்னு மூணும் வேணும். காலையில அஞ்சு மணிக் காப்பியை மச்சான் சொல்லிட்டார், அதைச் சமையல்காரர் ஒப்பந்தத்துலயே தனியா எழுதிரு, பால் எத்தனை லிட்டர்னு சேத்து.

தச்சநல்லூர்க்காரி:

மாமா விஷயத்தை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், சிரிப்பை அடக்க முடியல. சனிக்கிழமை ஊருக்கு வர்றோம், ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்குப் போய் அட்வான்ஸ் கொடுக்கலாம்னு இருக்கோம்.

மண்டபத்து மேனேஜர்:

அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துராத. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருக்கான்னு பாரு. இருந்தா காலையில எட்டரைக்கே போ, பந்தி ஓடிக்கிட்டு இருக்கும்போது. 260 நாற்காலின்னா 260ம் போட்டிருக்காங்களா, இல்ல ஒண்ணோட ஒண்ணு இடிச்சுப் போட்டுக் கணக்குக் காட்டுதாங்களான்னு தெரியும். பரிமாறுத ஆளு ரெண்டு வரிசைக்கு நடுவுல வாளியோட நடக்க முடியுதான்னு பாரு. கை கழுவுத இடத்துல எத்தனை குழாய், தண்ணி தேங்குதான்னு பாரு. அங்கன சாப்பிட்டுட்டு எந்திரிக்கிற ரெண்டு பேர்ட்ட பேச்சுக் கொடு. எல்லாம் சரியா இருந்தா மீட்டர், டீசல், கிளீனிங் மூணையும் ரசீதுல எழுதி வாங்கிட்டு அப்புறம் பணத்தை எண்ணு.